தாடையில் ஒரு ஜன்னல்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே, "ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் வேண்டாம்ப்பா, அது நிறைய வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே மெக்கானிக்கல் படித்த நான் ஒரு மருத்துவ வரலாறு சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாம். விஷயம் பிரஷரைப் பற்றியது. நம்ம பாடம்தான்.

தாடை எலும்புக்குள் நீர்க்கட்டி வருவதுண்டு. செத்துப்போன பல்லின் வேர் நுனியில் ஆரம்பிக்கலாம். முளைக்காமல் புதைந்து கிடக்கும் கடைவாய்ப் பல்லைச் சுற்றியும் வரலாம். மெல்லிய சவ்வுப் பை, உள்ளே திரவம், அவ்வளவுதான். பெரும்பாலும் வலி இருக்காது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, கன்னம் ஒரு பக்கம் உப்பிய பிறகுதான் வீட்டில் கவனிப்பார்கள். அதற்குள் எலும்பு முட்டை ஓடு மாதிரி ஆகியிருக்கும்.

பெரிய கட்டி என்றால் தாடையையே வெட்டி எடுப்பது பழைய வழி. 1812-லேயே பாரிஸில் டுபுய்த்ரன் என்ற சர்ஜன் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார். ஈதர் மயக்க மருந்து வந்தது 1846-ல். அந்த நோயாளி என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

1892-ல் கார்ல் பார்ட்ஷ் வேறு வழி சொன்னார். அவர் இருந்த ஊர் பிரெஸ்லாவ். அன்று ஜெர்மனி, இன்று போலந்து. கட்டியை முழுசாகத் தோண்டி எடுக்காமல், வாய்ப் பக்கமாக அதில் ஒரு ஜன்னல் திறந்து, பையின் ஓரத்தை வாயின் உள்தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டார். கட்டி அப்போது மூடிய பை அல்ல, வாயின் ஒரு பொந்து. கங்காருவின் மடிப்பை மாதிரி இருப்பதால் 'மார்சுபியலைசேஷன்' என்று பெயர். திறந்துவிட்டால் அழுத்தம் போய்விடுகிறது. அழுத்தம் போனால் சுற்றியிருக்கும் எலும்பு தானாகவே உள்நோக்கி வளர்ந்து குழியை நிரப்புகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல்தான். அதாவது உள்ளே என்ன நடக்கிறது என்று படம் பார்க்க வழியில்லாத காலத்தில் அந்த மனிதர் இதைச் செய்தார். 1910-ல் அவரே சின்னக் கட்டிகளுக்கு, முழுவதும் எடுத்துவிட்டு உடனே தைத்து மூடும் இரண்டாவது முறையையும் எழுதினார். இன்றும் இவற்றை பார்ட்ஷ் ஒன்று, பார்ட்ஷ் இரண்டு என்று சொல்வதுண்டு.

கட்டி ஏன் வளர்கிறது என்பதற்கு ஆதாரம் பிறகுதான் சேர்ந்தது. 1948-ல் இங்கிலாந்தின் டோலர் சோதனைகள் செய்து எழுதினார். சவ்வு தண்ணீரை உள்ளே விடும், பெரிய மூலக்கூறுகளை எளிதில் வெளியே விடாது. உதிரும் செல்கள் கரைசலைக் கெட்டியாக்க, வெளியிலிருந்து நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தோமே, அதே ஆஸ்மாசிஸ்! எலும்பை அரிக்கும் ரசாயனங்களும் சேர்ந்து கொள்கின்றன என்பது பிற்பாடு தெரிய வந்தது.

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்றால், மணலூர்பேட்டையில் இருக்கும் என் தாய்மாமாவால். நாலு வருஷம் முன்பு அவருக்குக் கீழ்த்தாடையில், காதுக்குக் கீழே வரை பரவிய கட்டி. முதலில் போன ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத் தாடையை எடுத்துவிட்டு பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். "சோத்த எதால மெல்றது மாப்ள?" என்று கேட்டார் மாமா. இரண்டாவதாகப் பார்த்த பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், முதலில் ஒரு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். அது முக்கியம். ஒற்றைப் பை மாதிரி தெரியும் அமிலோபிளாஸ்டோமா என்ற புற்றல்லாத கட்டி உண்டு, 1977-ல் ராபின்சனும் மார்ட்டினெஸும் தனியாக விவரித்தது. படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பயாப்ஸியில் சாதாரண நீர்க்கட்டி என்று வந்ததும், ஜன்னல் திறந்து சின்ன டியூப் வைத்தார்கள். தினமும் சிரிஞ்சில் உப்புநீர் அடித்துக் கழுவ வேண்டும். அத்தை இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். பதினோரு மாதம் கழித்து, சுருங்கிப்போன மீதியை எடுத்தார்கள். தாடைக்குள் ஓடும் நரம்பிலிருந்து கட்டி விலகியிருந்ததால் உதடு மரத்துப் போகவில்லை.

சின்ன அறுவை என்பதால் சின்னச் செலவு என்று நினைக்கக் கூடாது. பெரிய ஆபரேஷன் என்றால் ஒரே தடவை படுத்து எழலாம். இதற்கு மாதா மாதம் போக வேண்டும். திருக்கோவிலூர் பஸ், அங்கிருந்து விழுப்புரம், அப்புறம் இன்னொரு பஸ். கரும்பு வெட்டு நேரத்தில் ஒரு நாள் போனால் போனதுதான். மாமாவுக்கு மகன் அனுப்பும் பணம் இருந்தது. இல்லாதவர் பாதியில் விட்டுவிட்டால் திறந்த வாய் சுருங்கி மூடி, கட்டி மறுபடி நிரம்பும். தூரம்தான் இந்த வைத்தியத்தின் பெரிய எதிரி என்பது என் கணக்கு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு வந்தது 1953-ல். சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-ல். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல், அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். எவ்வளவு மெதுவாக நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

கெரட்டோசிஸ்ட் என்ற வகைதான் டாக்டர்களையே குழப்பியது. 1956-ல் பிலிப்சன் பெயர் வைத்தார். எடுத்தாலும் திரும்ப வரும் குணம். 2004-ல் அமெரிக்காவில் போக்ரெலும் ஜோர்டனும் பத்து நோயாளிகளைக் காட்டி, ஜன்னல் மட்டுமே போதும் என்றார்கள். 2007-ல் போக்ரெலே, சிலருக்குத் திரும்ப வந்திருக்கிறது என்று அந்த முடிவை ஓரளவு வாபஸ் வாங்கினார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அப்போதுதான். உலக சுகாதார நிறுவனமும் 2005-ல் இதை டியூமர் பட்டியலில் சேர்த்து, 2017-ல் மறுபடி நீர்க்கட்டி என்றே மாற்றியது.

இந்த வகைக் கட்டி பத்து வருஷம் கழித்தும் தலைகாட்டியதுண்டு. அதனால் முதல் ஐந்து வருஷமாவது வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே, அதற்குப் பிறகும் அவ்வப்போது. பழைய பிலிமைத் தூக்கிப் போடாமல் புதுசோடு சேர்த்து டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.