பல் மருத்துவத்தில் சிரைவழி அமைதியூட்டல்: வரலாறு

பல் சிகிச்சைக்கு மிகவும் அஞ்சுபவரின் சிரைக்குள் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, நினைவிழக்காமலேயே அவரது அச்சத்தைத் தணிக்கும் முறை சிரைவழி அமைதியூட்டல் எனப்படும். இது முழு மயக்கம் அன்று. நோயாளி தாமே மூச்சு விடுவார். வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலான எல்லையை மருத்துவ உலகம் உணர்ந்து வகுத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

மயக்கத்திலிருந்து தொடக்கம்

1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து, தம் பல்லையே வலியின்றிப் பிடுங்கச் செய்தார். 1846இல் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், பாஸ்டனில் நடந்த அறுவை சிகிச்சை ஒன்றில் ஈதரின் பயனைப் பலர் முன்னிலையில் மெய்ப்பித்தார்.

1930களில் எவிபான், தயோபென்டால் போன்ற பார்பிட்டுரேட் மருந்துகள் வந்தன. இவற்றைச் சிரையில் செலுத்தினால் சில நொடிகளிலேயே நோயாளி உறங்கிவிடுவார். ஆனால் பல் சிகிச்சையில் இதற்கு ஓர் இடர் உண்டு. மருத்துவர் வேலை செய்யும் வாயே மூச்சு செல்லும் வழியுமாகும். விழிப்போடு இருப்பவரின் தொண்டையில் இரத்தமோ பல் துண்டோ விழுந்தால் அவர் இருமி வெளியேற்றிவிடுவார். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரால் அது இயலாது.

யோர்கென்சென் முறை

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நீல்ஸ் யோர்கென்சென் 1945இல் வேறு வழியை நாடினார். பென்டோபார்பிட்டால், பெத்திடின், ஸ்கோபோலமின் ஆகிய மூன்று மருந்துகளையும் சிறிய அளவுகளில் சிரைவழி செலுத்தி, நோயாளியை உறங்கவிடாமல் அமைதி மட்டும் அடையச் செய்தார். வலியைத் தடுக்க, மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் தனியே போட்டார். அச்சத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு வேறு மருந்து என்ற இந்தப் பிரிவினையே பிற்கால முறைகளுக்கு அடித்தளமாயிற்று. கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் அவர் இம்முறையைப் பலருக்கும் கற்பித்தார்.

பிரித்தானியாவில் எழுந்த சர்ச்சை

பிரித்தானியாவில் ஸ்டான்லி டிரம்மண்ட்-ஜாக்சன், மெத்தோஹெக்சிட்டோன் என்ற மருந்தை விட்டுவிட்டுச் சிறிய அளவுகளில் செலுத்தும் முறையைப் பரப்பினார். பல் மருத்துவத்தில் மயக்கவியலை வளர்ப்பதற்கென 1957இல் ஒரு சங்கமும் அவரது முயற்சியால் உருவானது. இம்முறையில் மருந்து செலுத்துபவரும் பல் சிகிச்சை செய்பவரும் ஒருவராகவே இருக்கலாம். இதனால் மூச்சுப்பாதைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் ஆபத்து நேரலாம் என 1969இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வு எச்சரித்தது. டிரம்மண்ட்-ஜாக்சன் அவதூறு வழக்குத் தொடுத்தார். நீண்ட விசாரணைக்குப் பின், 1972இல் தீர்ப்பு வழங்கப்படாமலேயே வழக்கு முடிவுக்கு வந்தது. எனினும், கத்தியைப் பிடித்த கையே மூச்சையும் கண்காணிக்க முடியுமா என்ற கேள்வி நிலைத்துவிட்டது.

டயசிபாமும் மிடசோலமும்

1963இல் விற்பனைக்கு வந்த டயசிபாம், பார்பிட்டுரேட்டுகளைவிடப் பாதுகாப்பானதாக இருந்தது. ஆனால் அது நீரில் எளிதில் கரையாது. அதைக் கரைக்கப் பயன்பட்ட திரவம் ஊசி போட்ட சிரையில் எரிச்சலையும் அழற்சியையும் உண்டாக்கியது. 1970களில் உருவாக்கப்பட்ட மிடசோலம் இக்குறையை நீக்கியது. அது நீரில் கரையும். அதன் விளைவும் விரைவில் நீங்கும். சிகிச்சையின்போது நடந்தவை பலருக்கும் பின்னர் நினைவில் இருப்பதில்லை. அஞ்சுபவர்களுக்கு இதுவும் ஒரு நன்மையே. 1980களின் பிற்பகுதியில், மிடசோலத்தின் விளைவை முறிக்கும் ஃபுளுமசெனில் பயன்பாட்டுக்கு வந்தது. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் அக்காலத்தில் பரவலாயிற்று.

விதிமுறைகள்

பல் மருத்துவ நாற்காலியில் நேர்ந்த மயக்க மரணங்கள் கவலை அளித்ததால், பிரித்தானியாவில் டேவிட் போஸ்வில்லோ தலைமையிலான குழு 1990இல் அறிக்கை அளித்தது. இயன்றவரை முழு மயக்கத்தைத் தவிர்க்கவும், அமைதியூட்டலைத் தேர்ந்தெடுக்கவும் அது பரிந்துரைத்தது. 2001ஆம் ஆண்டு முடிவுடன் அங்கு மருத்துவமனைக்கு வெளியே பல் சிகிச்சைக்காக முழு மயக்கம் அளிப்பது நிறுத்தப்பட்டது.

இன்று புறங்கையிலோ முழங்கை மடிப்பிலோ மெல்லிய குழாயைப் பொருத்தி, மருந்தைச் சிறிது செலுத்திக் காத்திருந்து, விளைவைப் பார்த்த பிறகே அடுத்த அளவைத் தருகின்றனர். பயிற்சி பெற்ற மற்றொருவரும் உடனிருந்து நோயாளியைக் கண்காணிப்பார். சிகிச்சை முடிந்தபின் நோயாளி துணையுடனே வீடு திரும்ப வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. கருவிகள் எத்தனை வந்தாலும் அடிப்படைச் சோதனை எளியதுதான்: மருத்துவர் பேசினால் நோயாளி பதில் சொல்ல வேண்டும். பதில் நின்றுவிட்டால் அமைதியூட்டலின் எல்லை கடந்துவிட்டது என்பது பொருள்.