நாபி நூல் எழுதிய காஸ்

பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர் 1810-ஆம் ஆண்டில் வூஸ்டர் நகரிற் பிறந்தார். தந்தையார் ஊர்தோறுந் திரிந்து சிற்றுருவ ஓவியந் தீட்டிப் பிழைத்தவர். மைந்தனோ 17-ஆம் வயதில் நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குக் கணக்கெழுதும் வேலைக்காகக் கப்பலேறினார். அங்கே 1832-இல் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பற்றிய பழைய நூலொன்றை வாங்கினார், பூச்சியாராய்ச்சி பற்றிக்கொண்டது. அதே ஆண்டிலேதான் கிறிஸ்து மார்க்கத்திலும் அவர் உள்ளம் ஊன்றிற்று. பின்னர் ஓர் ஈயின் சிறகை ஆராய்வதும் அவருக்கு வழிபாடாகவே இருந்தது.

1838-இல் அலபாமா நாட்டிற் பருத்தித் தோட்டக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். வண்ணத்துப் பூச்சிகளை வியந்தெழுதிய அதே கை, அடிமைகள் பட்ட சாட்டையடியையும் அருவருப்போடு எழுதி வைத்தது. எல்லாப் பக்தருக்கும் இக்கண் வாய்ப்பதில்லை. 1849-இல் மகன் பிறந்த நாளில், அச்செய்தியையும் ஜமெய்க்காவிலிருந்து ஒரு குருவி வந்த செய்தியையும் நாட்குறிப்பில் அடுத்தடுத்து எழுதினாராம்!

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வகையை விளக்கி 1854-இல் அவர் வெளியிட்ட நூல் இங்கிலாந்தையே கடற்கரைக்கு ஓடச் செய்தது.

1857-இல் மனைவியார் எமிலி புற்றுநோயால் மாண்டார். அவ்வாண்டே நாபி என்னும் பொருள்படும் 'ஓம்பலோஸ்' வெளிவந்தது. நிலவியலாரோ, பூமியின் வயது வேதக் கணக்கிலும் மிகப் பெரிது என்று பாறைகளைக் கொண்டு நிறுவி வந்தனர். காஸ் கூறியதாவது: ஆதாம் தாய் வயிற்றிற் பிறவாதவன், எனினும் முழு மனிதனாய்ப் படைக்கப்பட்டமையின் நாபியுடையவன். முதல் மரத்திலும் ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும். அவ்வாறே பாறைகளும், வாழ்ந்தேயிராத உயிர்களின் எலும்புகளோடு ஒரே கணத்திற் படைக்கப்பட்டன.

இரு சாராருக்கும் நட்பாகும் என்று நம்பினார். இரு சாராரும் நகைத்தனர். அவருடைய நண்பரும் பாதிரியாருமான சார்ல்ஸ் கிங்ஸ்லியே, கடவுள் பாறைகளிற் பொய்யெழுதினார் என நம்ப இயலாது என்று மறுத்துவிட்டார். அது நேரிய மறுப்பு. கடற்சாமந்தியின் ஒவ்வோர் இதழையும் தம் கண்ணால் எண்ணிப் பார்த்தன்றி எழுதாதவர், பாறையின் முன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். டார்வினின் நூல் இரண்டாண்டிற்குப்பின் 1859-இல் வந்தது.

காஸ் மீண்டும் கடற்கரைக்கே திரும்பினார். பிரித்தானியக் கடற்சாமந்திகளைப் பற்றி 1860-இல் முடித்த பெருநூல் அறிஞரால் மதிக்கப்பெற்றது. 1888-இல் அவர் இறந்தார். மகன் எட்மண்ட் 1907-இல் எழுதிய நூலில் வேறொரு துயரையுங் கூறுகிறார். தந்தையின் நூல்களைப் படித்துத் திரண்டு வந்தோர் பாறைக்குட்டைகளைச் சூறையாடிவிட்டனர். அவர் வியந்து வருணித்த எழில் அங்கே அழிந்தது. அதைத் தந்தையாரும் உணர்ந்து வருந்தினார் என்கிறார் மகன்.