வாக்களிக்கப்பட்ட பாதை

1935 செப்டம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கிய இசையமைப்பாளர் கர்ட் வைல், அங்கே குடியேற வரவில்லை. ஒரு மேடைப் படைப்பை அரங்கேற்ற வேண்டும், சில மாதங்களில் வேலை முடிந்துவிடும், அவ்வளவுதான் கணக்கு. படைப்பின் கதையோ ஊரைவிட்டுத் துரத்தப்படும் மக்களைப் பற்றியது. ஐரோப்பாவில் வாழ அவர் அதன்பின் திரும்பவே இல்லை.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர்களின் கதையை உலகத்துக்குச் சொல்லும் பிரம்மாண்டமான மேடை நிகழ்வு ஒன்று வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்த சியோனிசச் செயற்பாட்டாளர் மேயர் வைஸ்கல் கிளம்பினார். இயக்கம் மாக்ஸ் ரைன்ஹார்ட், எழுத்து ஃபிரான்ஸ் வெர்ஃபெல், இசை வைல். மூவரும் யூதர்கள். வைலின் அப்பா ஜெபக்கூடத்தில் பிரார்த்தனைப் பாடல்களைப் பாடி வழிநடத்தியவர். மகன் 1933 மார்ச்சிலேயே ஜெர்மனியைவிட்டு வெளியேறியிருந்தார்.

ஆபிரகாமும் மோசேயும் எல்லாருக்கும் தெரிந்த கதைகள். தாடியும் அங்கியும் மாட்டி மேடையேற்றினால் பக்திப் படம் போல ஆகிவிடும். வெர்ஃபெல் வேறு வழி கண்டுபிடித்தார். பெயரில்லாத ஓர் ஊர். வெளியே கலவரம். யூதர்கள் இரவு முழுக்க ஜெபக்கூடத்துக்குள் பதுங்கியிருக்கிறார்கள். அந்த ஊரில் இனி இருக்கலாமா கூடாதா என்பது இன்னும் தெரியவில்லை. பயத்தைத் தாங்க, ரபி தோராவை எடுத்து வாசிக்கிறார். வாசிக்க வாசிக்க மேலே மேடையில் அந்தக் கதை நடக்கிறது. கூட்டத்தில் இந்தக் கதைகளையே கேட்டிராமல் வளர்ந்த ஒரு சிறுவனும் இருக்கிறான். நியூயார்க்கில் அவனாக நடித்தவர் பின்னாளில் ‘டுவெல்வ் ஆங்ரி மென்’ படத்தை இயக்கிய சிட்னி லுமெட்.

இந்த ஏற்பாட்டின் பலத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கள். பழங்கதையில் ஒரு வரியைக்கூட நவீனப்படுத்தத் தேவையில்லை. எகிப்துக்கு விற்கப்படும் யோசேப்பும், மாமியார் பின்னால் அந்நிய நாட்டுக்கு நடக்கும் ரூத்தும் அப்படியே இருக்கலாம். மாறியது கேட்பவர்களின் நிலைமை. பத்திரமான வீட்டில் உட்கார்ந்து கேட்டால் ரூத் ஒரு நல்ல மருமகள். விடிந்தால் எங்கே போவது என்று தெரியாதவன் காதில் அவள் ஓர் அகதி.

ஒரு பொறியாளனாக எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மேடைதான். வடிவமைப்பாளர் நார்மன் பெல் கெடெஸ் ஜெபக்கூடத்தைக் கீழே வைத்து, அதற்கு மேல் அடுக்கடுக்காகப் பாதையை எழுப்பினார். வாத்தியக்குழு உட்காரும் பள்ளத்தையே மேடை விழுங்கிவிட்டது. அதனால் இசையின் பெரும்பகுதியை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள். பணத் தட்டுப்பாட்டில் அரங்கேற்றம் ஏறக்குறைய ஓராண்டு தள்ளிப்போனது. 1937 ஜனவரி 7 அன்று மன்ஹாட்டன் ஓபரா ஹவுஸில் திரை விலகியது. மொத்தம் 153 காட்சிகள். கூட்டம் வந்தும் நஷ்டம், செலவு அப்படி.

தலைப்பிலும் ஒரு பயணம் இருக்கிறது. ஜெர்மன் மூலத்தில் ‘வாக்களிக்கப்பட்ட பாதை’ என்ற பொருள் வரும் தலைப்பு. ஆங்கிலத்தில் ‘தி இட்டர்னல் ரோட்’, அதாவது முடிவில்லாத பாதை. வாக்குறுதி கடல் தாண்டும்போது உதிர்ந்துவிட்டது. கதையின் முடிவுக்கு எது பொருத்தம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தோராவில் ஆபிரகாமுக்கு ஒரு நாடு வாக்களிக்கப்படுகிறது. ஜெபக்கூடத்தில் இருப்பவர்களுக்கோ கடைசியில் வெளியேற்ற ஆணைதான் வருகிறது. மீட்பு வரும் என்ற நம்பிக்கை பாட்டில் உண்டு. ஆனால் காலுக்குக் கீழே இருப்பது பாதை மட்டும்.

அதை எழுதிய வெர்ஃபெல், 1940-இல் நாஜிகளிடமிருந்து தப்ப பிரான்ஸிலிருந்து பிரனீஸ் மலையை நடந்தே கடந்தார். ரைன்ஹார்ட் 1943-இல் நியூயார்க்கில் இறந்தார். வைல் அதே ஆண்டு அமெரிக்கக் குடிமகனானார். ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட அந்தப் படைப்பு ஜெர்மனியில் மேடையேறியது 1999-இல், கெம்னிட்ஸ் நகரில். மூவரில் ஒருவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.