கப்பர் சிங்கின் பாறைகள்

ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி, பெங்களூரையும் கடந்து மைசூர் ரோட்டில் போனால் ராமநகரம். 'ஷோலே'யில் கப்பர் சிங் நின்று மிரட்டினாரே, அந்தப் பாறைகள் இங்கேதான்!

கொள்ளைக்காரர்களிடமிருந்து தப்பிக்க ஒரு கிராமம் வெளியாட்களைக் கூட்டி வருகிற கதை, 1954-ல் குரோசவா எடுத்த 'செவன் சாமுராய்'. 1960-ல் ஹாலிவுட் அதையே கௌபாய் படமாக்கியது: 'தி மேக்னிஃபிசென்ட் செவன்'. வாள் போய் துப்பாக்கி வந்தது. வேடிக்கை என்னவென்றால், குரோசவாவே ஜான் ஃபோர்டின் கௌபாய் படங்களுக்கு ரசிகர்!

1975-ல் வந்த 'ஷோலே'யிலும் அந்தச் சாயல் உண்டு. ஆனால் கைகளை இழந்த தாக்கூரின் வஞ்சம், ஜெய் - வீரு நட்பு என்று அது வேறு படமாகிவிட்டது. ஜனங்கள் கொண்டாடினார்கள்.

2007-ல் ராம்கோபால் வர்மா 'ஷோலே'யையே திரும்ப எடுத்தார். அன்று ஜெய்யாக வந்த அமிதாப் இதில் வில்லன். தாக்கூர் இடத்தில் மோகன்லால். படம் படுதோல்வி!

கதையைக் கடன் வாங்கலாம் சார், ஜெயிக்கவும் செய்யலாம். ஜனங்களுக்கு மனப்பாடமான படத்தோடு மல்லுக்கட்டினால் எப்படி?