பெயரால் வந்த பழி

அக்கரைப்பற்றை அடுத்த ஆலையடிவேம்புப் பிரதேசத்திலே அளிக்கம்பை என்றொரு கிராமம் உண்டு. அங்கு வாழ்வோர் வீட்டிலே தெலுங்கு வழக்கொன்றும் வெளியிலே தமிழும் பேசுவர், பெரும்பாலோர் கத்தோலிக்கர். வனக்குறவர் என்பது நாம் வழங்கும் பெயர். சிங்களத்தில் அகிகுண்டகர் என்பர்; பாம்பாட்டி என்பது அதன் பொருள். பாம்பாட்டியும் கைரேகை பார்த்தும், கழுதைகளின் முதுகில் கூடாரஞ் சுமத்தியும் ஊரூராக அவர்கள் திரிந்த காலத்தை நம் முதியோர் அறிவர். ஆங்கிலம் கற்றோர் இவர்களை ‘ஜிப்சிகள்’ என எழுதினர். இக்கடைசிப் பெயரே நம் ஆராய்ச்சிக்குரியது.

ஐரோப்பாவிலே றோமா மக்களுக்கு அயலார் சூட்டிய பெயர் அது. எகிப்திலிருந்து வந்தோர் என்ற தவறான எண்ணத்திற் பிறந்தது. 1782இல் ரூடிகர் என்னும் ஜேர்மானிய அறிஞர் அவர்தம் பேச்சை ஆராய்ந்து, அது வட இந்திய மொழிகளின் இனம் எனக் காட்டினார். நீருக்குப் பானி, மயிருக்குப் பால், மூன்றுக்குத் திரின் என்பர். ஹிந்தி அறிந்தார்க்கு விளக்கம் வேண்டா. அளிக்கம்பையார் மொழியோ திராவிட இனத்தது. ஆகவே இரு சாராரும் ஒரு குலத்தார் என்பதற்கு மொழிச் சான்று இல்லை. நிலைத்து வாழ்வோர் அலைந்து திரிவோரை நோக்கிய பார்வை ஒன்றே இருவரையும் ஒரு பெயரில் அடைத்தது.

அப்பார்வை சட்டமானபோது விளைந்த கொடுமை பெரிது. ருமேனிய நிலத்திலே றோமா மக்கள் 1850களின் நடுப்பகுதிவரை அடிமைகளாய் விற்கப்பட்டனர். ஜேர்மனியில் 1936 முதல் ரிட்டர் என்பார் அவர்களுடைய தலைகளை அளந்து வமிசாவளி திரட்டினார். நாஜிகள் அந்த ஏடுகளைக் கொண்டே ஆட்களைப் பிடித்தனர். கல்வியும் கொலைக்குத் துணைபோகும்! 1944 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு அவுஷ்விற்ஸ் முகாமில் மட்டும் 4,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். போர் முடிந்தபின்னும் நீதி கிட்டவில்லை. 1943க்கு முற்பட்ட துன்புறுத்தல் இனவெறியால் நேர்ந்ததன்று என மேற்கு ஜேர்மனியின் உயர் நீதிமன்றம் 1956இல் தீர்ப்பளித்து, நட்டஈட்டை மறுத்தது. 1980இல் டாஹவ் முகாமிலே சிந்தி மக்கள் சிலர் உண்ணாவிரதம் இருந்தனர். 1982இல்தான் அவ்வரசு அதனை இனப்படுகொலை என ஒப்புக்கொண்டது. இதற்கிடையில் 1971இல் இலண்டனிற் கூடிய மாநாட்டில், பிறர் இட்ட பெயர்களைத் தள்ளி ‘றோமா’ என்பதையே தம் பெயராகக் கொண்டனர்.

நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? பிரித்தானியரின் 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் பரவியது. கொறவர், கள்ளர் முதலானோர் தொட்டிலிலேயே குற்றவாளிகளாயினர். 1920இல் பெருங்காமநல்லூரிற் கைரேகை பதிய மறுத்தோர்மீது பொலிசார் சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். 1952இல்தான் அச்சட்டம் நீங்கியது. இலங்கையிலோ 1841ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்று தொழிலின்றி அலைவதையே குற்றமாக்கிற்று.

கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் இக்கரை வழியே, உகந்தை கடந்து, வள்ளியம்மையைக் குறமகள் எனப் போற்றிக்கொண்டே போவர். சங்கப் பாட்டின் மலைக்குறவரும் அளிக்கம்பையாரும் ஒருவரே எனச் சாதிக்க யாம் வரவில்லை. ஆயினும் குறத்தியைத் தெய்வமென வணங்கும் அதே நா, ‘குறவன்’ என்பதை வசைச்சொல்லாகவும் வழங்குகின்றதே!

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் இனப் பட்டியலிலே பரதர்க்கும் செட்டிகளுக்கும் தனித்தனி இடம் உண்டு, இவர்களுக்கு இல்லை. பள்ளியில் இவர்தம் பிள்ளைகள் கற்பது தமிழ். பாட்டிமாரின் தெலுங்கை எழுதிவைக்கும் வேலை அக்கிராமத்து இளைஞருடையது. அதற்கு ஏடும் எழுதுகோலும் கொடுப்பது நம்மால் ஆகக்கூடியதே.