சோபாவில் படுப்பவரையும் எண்ணிய நாடு

வீடில்லாதவர் எண்டால் பஸ் நிலைய வாங்கிலில் படுத்திருக்கும் ஒருவர்தான் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவார். பின்லாந்துக்காரர் 1987இல் நாடு முழுக்க வீடற்றவர்களை எண்ணத் தொடங்கியபோது அதோடு நிற்கவில்லை. போக இடமில்லாமல் சிநேகிதர், சொந்தக்காரர் வீடுகளில் ஒதுங்கியிருப்பவர்களையும் கணக்கில் சேர்த்தார்கள்.

அந்த ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருந்தது. 1980இல் அந்த யோசனையை அங்கே கொண்டுபோனவர் எங்கட நாட்டுப் பிரதமர் பிரேமதாச! அதே 1987இல் யாழ்ப்பாணச் சனம் சண்டைக்குப் பயந்து கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படுத்துக்கிடந்தது என்பதையும் சொல்லத்தான் வேணும்.

பின்லாந்தில் கதை இன்னும் முந்தித் தொடங்குகிறது. 1967 குளிரில் ஹெல்சிங்கித் தெருக்களில் ஆட்கள் செத்தார்கள். கோபப்பட்டவர்கள் சேர்ந்து ‘நவம்பர் இயக்கம்’ தொடங்கினார்கள். அப்போது கேட்டது இரவில் படுக்க ஒரு கூரை. ஆனால் கூரை கிடைத்தவர் வருடக்கணக்காக அந்த விடுதியிலேயே கிடந்தார்.

1987 கணக்கில் வந்த தொகை கிட்டத்தட்ட 18,000. அதன்பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் உள்ளூராட்சி சபைகள் தங்கள் ஊர்க் கணக்கைக் கொடுக்கின்றன. சமூக சேவைப் பதிவுகள், வீட்டு விண்ணப்பங்கள் எல்லாம் பார்த்துத்தான் எண்ணுகிறார்கள். சில இடங்களில் அது மதிப்பீடுதான். எண்டாலும் ஒரு விஷயம் தெளிவாகியது: பெரும்பாலானோர் தெருவில் இல்லை, யாரோ ஒருவரின் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். தெருவை மட்டும் எண்ணியிருந்தால் இன்னும் நாலு விடுதி கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

2008இல் அரசாங்கமும் நகரங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து முறையையே தலைகீழாக்கின. முன்பெல்லாம் குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு. இப்போது முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு சொந்தத் திறப்பு. மற்ற உதவியெல்லாம் அதற்குப் பிறகு. ஹெல்சிங்கியில் இரட்சணிய சேனை நடத்திய 250 கட்டில் விடுதி உடைத்துத் திருத்தப்பட்டு சுமார் 80 தனி வீடுகளானது. கட்டில் குறைந்ததே என்று கேட்கலாம். கட்டிலில் படுத்தவருக்கு முகவரி இருக்கவில்லையே!

2023இல் எண்ணிக்கை 3,429 ஆக இறங்கியது. 2024இல் 3,806 ஆகத் திரும்ப ஏறியது. வீட்டு வாடகை உதவியை அரசு வெட்டியதுதான் காரணம் என்று அங்கே பலர் சொல்கிறார்கள். அந்த 3,806 பேரிலும் பாதிக்கு மேற்பட்டோர் இன்னொருவர் வீட்டில்தான் படுக்கிறார்கள்.