மணலில் எழுதிய முதல் எழுத்து: தரங்கம்பாடியில் சீகன்பால்கின் தொடக்க நாள்கள்

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு டென்மார்க்கு நாட்டுக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. அதிலிருந்து இறங்கியவர்களுள் இருவர் வணிகரும் அல்லர்; படைவீரரும் அல்லர். ஒருவர் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்சு என்னும் சிற்றூரில் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் அவருடைய தோழர் ஐன்ரிக் புளுட்சோ. சீகன்பால்குக்கு அப்பொழுது ஏறத்தாழ 24 வயது. அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

சீகன்பால்கின் பெயரைத் தமிழ் அச்சு வரலாற்றோடு சேர்த்து நாம் அறிவோம். அவர் அச்சிட்ட நூல்கள், நிறுவிய அச்சுக்கூடம், எழுதிய இலக்கணம் ஆகியவற்றைப் பாடநூல்களும் குறிப்பிடுகின்றன. ஆனால் அந்தப் பணிகளுக்கெல்லாம் முற்பட்ட தொடக்க நாள்களைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுவதில்லை. மொழி கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் கூடியுள்ள இவ்வவையில் அந்நாள்களையே ஆராய விழைகிறோம். ஏனெனில், தமிழ் அறியாத ஒருவருக்குத் தமிழ் எவ்வாறு கைவந்தது என்னும் வினா நம் வகுப்பறைகளுக்கும் உரியது.

இருவரை அனுப்பிய அரசர்

தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்தது 1620ஆம் ஆண்டில். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் அவ்வாண்டில் அவ்வூரை டேனியருக்கு வணிகத்தின் பொருட்டு அளித்தார். நாயக்கர் டென்மார்க்கு அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் பொறித்து விடுத்த மடல் இன்றும் கோபன்ஹேகனில் காக்கப்படுகிறது. கடலோரத்தில் எழுந்த டான்ஸ்பர்க் கோட்டை கும்பினி வணிகத்திற்கு அரணாயிற்று. அடுத்த எண்பத்தாறு ஆண்டுகள் அங்கு மிளகும் துணியும் கணக்கும் வழக்குமே பேச்சாக இருந்தன. தமிழரிடையே சமயப் பணி புரியும் எண்ணம் கும்பினிக்கு இருந்ததில்லை.

அவ்வெண்ணம் அரசரிடமிருந்து வந்தது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட கீழைநாட்டு ஊர்க்குச் சமயத் தொண்டர்களை அனுப்ப விரும்பினார். டென்மார்க்கில் தக்கோர் கிடைக்காமையால் ஜெர்மனியிலிருந்து இருவர் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவரே ஆல் நகரில் பிராங்கே என்னும் சமயச் சான்றோரிடம் பயின்ற சீகன்பால்கு. இருவரும் 1705ஆம் ஆண்டு நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அத்திங்களின் இறுதியிலேயே சோபியா எட்விக் என்னும் கப்பலில் புறப்பட்டனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அவர்கள் தரங்கம்பாடியை அடைய ஏழு திங்களுக்கு மேலாயிற்று.

வரவேற்பு இல்லாத வருகை

அரசரின் ஆணையோடு வந்தவர்களுக்குக் கோட்டையில் நல்வரவு கிடைத்ததா எனில், இல்லை. ஆளுநர் ஹாசியஸ் அவர்களை வேண்டா விருந்தாகவே கருதினார். வெயிலில் நெடுநேரம் காக்க வைக்கப்பட்ட பின்னரே அவர்கள் அவரைக் காண முடிந்தது. பின்னர்ச் சந்தைத் திடலில் தங்க இடமின்றி நின்றவர்களுக்கு மனமிரங்கிய ஒருவர் உதவியதாக வரலாற்றாசிரியர் குறிப்பர்.

ஆளுநரின் சினத்திற்குக் காரணம் உண்டு. சமயப் பணி உள்ளூர் மக்களைக் கலக்கினால் வணிகம் குலையும் என்பது கும்பினியின் அச்சம். தம்மைக் கலவாமல் அரசர் நேரே அனுப்பினார் என்பது அதன் மனக்குறை. இப்பூசல் ஆண்டுதோறும் முற்றி, 1708ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்கைச் சிறையில் தள்ளும் அளவுக்குச் சென்றது. அவர் நான்கு திங்கள் சிறையிருந்தார்.

கோட்டை கைவிட்ட நிலையில் அவர்கள் தெருவையே நம்ப வேண்டியதாயிற்று. தெருவில் இரண்டு மொழிகள் வழங்கின. ஒன்று, துறைமுகங்களில் வணிகத்திற்கும் ஐரோப்பியர் வீட்டுப் பணியாளரோடு பேசுவதற்கும் பயன்பட்ட போர்த்துகீசியம். மற்றொன்று மக்கள் மொழியாகிய தமிழ். அக்காலத்து ஐரோப்பியர் அதனை ‘மலபார் மொழி’ என்று பிழைபட வழங்கினர். புளுட்சோ போர்த்துகீசியத்தில் கருத்தைச் செலுத்தினார். சீகன்பால்கு தமிழைத் தமதாக்கிக் கொள்ள முனைந்தார்.

எழுத்து இருந்தது, பொருள் இல்லை

இனி அவர் கற்ற முறையைக் காண்போம். கற்பிக்க அச்சுநூல் கிடையாது, அகராதி கிடையாது, இலக்கணக் கையேடும் அவர் கையில் இல்லை. ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய முதியவர் ஒருவர் இருந்தார். அவரை வேண்டி, அப்பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தார் சீகன்பால்கு. ஐரோப்பாவில் பல்கலைக்கழகக் கல்வி பெற்ற இளைஞர் தரங்கம்பாடிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்தார். அவர்கள் மணலில் விரலால் எழுதியதைத் தாமும் எழுதினார். அவர்கள் ஓதியதைத் தாமும் ஓதினார்.

இம்முறையால் அவருக்கு எழுத்து விரைவில் வசமாயிற்று. ஆயினும் ஓர் இடர் எழுந்தது. முதியவருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. சீகன்பால்கோ தமிழில் பொருள் வினவும் நிலையில் இல்லை. ஆகவே படிக்க முடிந்தது, படித்தது விளங்கவில்லை. வாய் ஓதியது, மனம் வெறுமையாக இருந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். வீட்டில் தமிழ் கேளாமல் வளரும் குழந்தைகள் இன்று நம் வகுப்புகளிலும் உள்ளனர். நெடுங்கணக்கைப் பிழையின்றி ஒப்புவிப்பர். பத்தியைத் தடையின்றி வாசிப்பர். அதன் பொருளைக் கேட்டால் விழிப்பர். அவர்களை நாம் சோம்பேறிகள் என்று கடிந்துவிடுகிறோம். தம் காலத்தில் மிக ஊக்கமுடைய மாணவராக இருந்த சீகன்பால்கும் அதே நிலையில் நின்றார் என்பதை நினைவிற் கொண்டால் நம் கடிதல் குறையும்.

அவ்விடர் தீர்ந்தது இரண்டாம் ஆசிரியரால். அழகப்பன் என்னும் அவரை ஐரோப்பியர் தம் ஏடுகளில் ‘அலெப்பா’ என்று எழுதினர். முன்பு கும்பினியில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவர் அவர். போர்த்துகீசியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகளில் பேசவல்லவர். முதியவர் தந்த எழுத்துக்கு அழகப்பன் பொருள் தந்தார். சொல்லைக் கேட்பது, பொருளை அறிவது, அதனை உடனே தெருவில் பேசிப் பார்ப்பது என்று பயிற்சி வளர்ந்தது. சில திங்களுக்குள் சீகன்பால்கு தமிழில் உரையாடத் தொடங்கினார்.

மூன்றாம் படி இலக்கியம். புலவர் ஒருவரைத் துணையாக அமர்த்தி, நாள்தோறும் காலையும் பிற்பகலும் ஓலைச்சுவடிகளைப் படித்தார். புதிய சொற்களை எழுதி வைக்க எழுத்தர் ஒருவர் அருகிருந்தார். இரவில் கண்ணுக்கு ஓய்வு தரும்பொருட்டுப் பிறரைப் படிக்கச் செய்து செவியால் கேட்டார். படித்த நூல்களிலிருந்து அவர் திரட்டிய சொற்கள் ஈராண்டில் 20,000 ஆயின. பின்னர் அத்தொகை இருமடங்காயிற்று. உரைநடைச் சொற்களையும் செய்யுட் சொற்களையும் வேறுபடுத்தித் தொகுத்தமை அவர் நுட்பத்திற்குச் சான்று.

மாறிய கருத்து

மொழியோடு அவர் மனமும் மாறியது. இந்நாட்டு மக்கள் கல்வியற்றவர், அவர் மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் இராது என்னும் எண்ணத்தோடுதான் அவர் கப்பலேறினார். அது அக்கால ஐரோப்பாவின் பொதுவெண்ணம். சுவடிகளைப் படித்த பின்னர் அவ்வெண்ணம் தவறென்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். 1708ஆம் ஆண்டில் தம்மிடமிருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் ஒரு விளக்கப் பட்டியல் வரைந்தார். அதில் 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அவரை வரம்பின்றிப் புகழ்வது நம் நோக்கமன்று. அவர் வந்தது தமிழரின் சமயத்தை மாற்றுவதற்கு. அந்நோக்கத்தை அவர் இறுதிவரை கைவிடவில்லை. ஏடுகளை அவர் திரட்டியதும் மக்களின் சமயத்தை அறிந்து அதனோடு வாதிடும் பொருட்டே. ஆனால் அறியப் புகுந்தவர் மதிக்கவும் கற்றார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த பெருநூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. அவரை அனுப்பியோர் விரும்பியதைக் காட்டிலும் மிகுதியாக அவர் கற்றுவிட்டார் என்பதே அதன் பொருள்.

இரு திருத்தங்கள்

ஆசிரியர்கள் பொருட்டு இரண்டு செய்திகளை இங்குத் தெளிவுறுத்துகிறோம். முதலாவது, தமிழில் முதல் நூலை அச்சிட்டவர் சீகன்பால்கு அல்லர். அவருக்கு 128 ஆண்டுகள் முன்னரே, 1578இல், அண்டிரீக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. சீகன்பால்கின் அச்சுக்கூடத்திற்குத் தமிழ் எழுத்துகள் ஜெர்மனியிலிருந்து 1713இல் வந்தன; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சுப்பணி நிறைவுற்றது. இரண்டாவது, ஐரோப்பியருள் தமிழை ஆழக் கற்ற முதல்வரும் அவர் அல்லர். அவர் வருவதற்குச் சரியாக நூறாண்டு முன்னர் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழில் பல நூல்கள் எழுதியவர். சீர்திருத்தச் சபை வழியில் இந்தியாவுக்கு வந்த முதல் தொண்டர்கள் சீகன்பால்கும் புளுட்சோவும் என்பதே பொருத்தமான கூற்று. உண்மைப் பெருமை போதுமானதாக இருக்கும்போது இல்லாத பெருமையைச் சேர்ப்பது வரலாற்றுக்கு அழகன்று.

பெயர் இல்லாத ஆசிரியர்

சீகன்பால்கு 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தம் 36ஆம் வயதில் தரங்கம்பாடியிலேயே மறைந்தார். தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் நிலைத்தது. அழகப்பன் பெயரும் உருமாறியேனும் எஞ்சியது. ஆனால் முதல் எழுத்தை மணலில் எழுதுவித்த முதியவரை ‘பள்ளி ஆசிரியர்’ என்னும் பொதுப்பெயராலேயே வரலாற்று நூல்கள் பெரும்பாலும் குறிக்கின்றன.

அம்முதியவர் எதிர்கொண்ட நிலையை எண்ணிப் பார்ப்போம். முன்னே அமர்ந்திருப்பவர் வேற்றுச் சமயத்தார்; கோட்டையின் ஆதரவை இழந்தவர்; பேச ஒரு பொதுமொழியும் இல்லாதவர். அவரைச் சேர்த்துக் கொள்வதால் பழி வரலாம். எனினும் அவர் சேர்த்துக் கொண்டார். தம் மாணவர் வரிசையிலேயே அமர வைத்து, மற்றக் குழந்தைகளுக்குத் தொடங்கிய இடத்திலேயே அவருக்கும் தொடங்கினார். சலுகையும் இல்லை, விலக்கும் இல்லை.

பின்னாளில் ஆல் நகரில் 1716இல் அச்சான தமிழ் இலக்கணமும், பல்லாயிரம் சொற்கள் கொண்ட அகராதித் தொகுப்பும் அந்த மணற்பரப்பிலிருந்தே தொடங்கின. நம் வகுப்பில் தமிழ் ஒலி பழகாத நாவோடு ஒரு மாணவர் வந்து அமரும்போது, அவரை எங்குத் தொடங்கச் செய்வது என்னும் வினா நமக்கு எழும். தரங்கம்பாடியின் முதியவர் அதற்குத் தந்த விடை எளியது: மற்றவரோடு, முதல் எழுத்திலிருந்து. அழகப்பன் அதனோடு ஒன்றைச் சேர்த்தார்: பொருளோடு.